சாசரைக் கைடு இல்லாமல் படிக்க முடியுமா? பி.ஏ. ஆங்கில இலக்கியம், முதலாண்டு, சென்னை

செம்பருத்தி | இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறேன். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. பள்ளியில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் இலக்கியம் எடுத்தேன்.

நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரைப் பகுதி ஓடுகிறது. கேன்டர்பரிக்கு யாத்திரை போகிற கூட்டத்தில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்துகிற பகுதி. அதில் ஒரு கன்னிமடத் தலைவி வருகிறார். மேடம் என்னை எழுப்பி, “இந்த அம்மாளை உனக்குப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டார். நான் எழுந்து நின்று, “சாசர் மென்மையான நையாண்டியில் வல்லவர், சமயத் தலைவர்களின் போலித்தனத்தை...” என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். மேடம் சிரித்துக்கொண்டே, “அது கைடுல 42ஆம் பக்கம். நீ என்ன நினைக்கிற?” என்றார். வகுப்பே சிரித்தது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராத்திரி ஹாஸ்டலில் மூலத்தை எடுத்தேன். அந்த அம்மாளைப் பற்றி 45 அடிதான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. தெரியாத சொற்களை எண்ணினேன், 61. எங்கள் வகுப்பில் எல்லோரிடமும் ஒரே ஜெராக்ஸ் நோட்ஸ்தான், ஸ்பைரல் போட்டு 60 ரூபாய். சீனியர் அக்காக்கள் அதையே படித்துப் பாஸ் ஆகியிருக்கிறார்கள்.

நீங்கள் எல்லாம் எப்படிப் படித்தீர்கள்? தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவது தப்பா? தயவுசெய்து “நிறைய வாசி” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

---

கிண்டி_எக்ஸ்பிரஸ் | இரவு 11.05

தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. 600 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவர் எழுதியதை இப்போது படித்து என்ன செய்யப்போகிறீர்கள்? பாஸ் ஆகுங்கள், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடியுங்கள். கைடு போதும். நான் நாலு வருஷ பொறியியலையே ஜெராக்ஸில்தான் முடித்தேன்.

---

பிழைதிருத்தி | இரவு 11.20

நீங்கள் ஜெராக்ஸில் முடித்த பாலத்தின் மேல் யாரும் நடக்கவில்லை என்று நம்புகிறேன் அண்ணா.

தங்கச்சி, நாளை விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று. 61 சொற்களை எண்ணினீர்கள் பாருங்கள், அதுவே வகுப்பில் முக்கால்வாசிப் பேர் செய்யாத வேலை.

---

பழைய_மாம்பலம் | காலை 6.15

அம்மா செம்பருத்தி, நான் முப்பது வருஷம் இதே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். காபி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு நல்ல சேதி. தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி, எழுதியிருக்கிறபடியே உச்சரிப்பார்கள் என்று கேலி செய்வார்கள் இல்லையா? சாசருக்கு அதுதான் சரி. அவர் 1400இல் இறந்தவர். ஆங்கில உயிரொலிகள் பெரிதாக இடம் மாறியது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு ‘நேம்’ என்கிறோமே, அவர் காலத்தில் அது கிட்டத்தட்ட ‘நாம’ என்று ஒலித்தது. ‘நைட்’ என்கிற போர்வீரனுக்கு முன்னால் இருக்கும் ‘க்’ அன்றைக்கு ஊமை இல்லை, வாயைத் திறந்து சொன்னார்கள். கான்வென்ட் உச்சரிப்போடு படிக்கிற பெண்ணுக்குச் சந்தம் உடையும், உங்களுக்கு உடையாது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று சத்தமாகப் படியுங்கள். பாதிச் சொற்கள் காதில் விழும்போதே தெரிந்த சொல்லாகிவிடும். 61 என்பது 30 ஆகும்.

அடுத்தது, 45 அடியையும் ஒரே நாளில் விழுங்காதீர்கள். சாப்பிடுகிற இடம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து ஒரு துணுக்கு கீழே விழாது, குழம்பில் விரலை ஆழமாக விடமாட்டாள், குடித்த கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியாதபடி மேலுதட்டைத் துடைத்துக்கொள்வாள். இதைப் படித்தபோது உங்களுக்கு யார் ஞாபகம் வந்தார்கள்? அதை இங்கே எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். கைடை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள், பரீட்சைக்கு முந்தின வாரம் சாவியைத் தேடிக்கொள்ளலாம்.

---

கொருக்குப்பேட்டை_குமரன் | காலை 7.50

சார் சொன்னது சரி. நான் பி.ஏ. தமிழ் படித்தவன், இப்போது பள்ளி ஆசிரியர். ஆங்கிலத் துறைக்காரர்கள் மட்டும்தான் கைடு வைத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். குறுந்தொகையை மூலம் பார்க்காமல், ‘தலைவி கூற்று, உள்ளுறை உவமம், இறைச்சி’ என்று பொருள் தெரியாமல் எழுதி 75க்கு 60 வாங்கியவர்கள் எங்கள் செட்டிலேயே உண்டு. நானும் முதல் இரண்டு பருவம் அப்படித்தான்.

சாப்பாட்டு விஷயம் வந்ததால் சொல்கிறேன். குறுந்தொகை 167ஆம் பாட்டை எடுத்து, கன்னிமடத் தலைவிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறே அடி, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் கல்யாணமான பெண் கட்டித் தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, அதை மாற்றாமல் அப்படியே உடுத்திக்கொண்டிருக்கிறாள். தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் ஏறுகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவ்வளவுதான். அவள் சிரித்தாள் என்றோ துள்ளினாள் என்றோ இல்லை. ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’. முகம் மலர்ந்ததே வெளியில் தெரியாத அளவுக்கு.

ஒருத்தி விரல் குழம்பில் ஆழமாகப் படாமல் சாப்பிடுகிறாள். இன்னொருத்தி விரலில் தயிர், புடவையில் தயிர். யாரை யாருக்குப் பிடித்திருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? 167இல் பேசுவது செவிலித்தாய். மகள் குடித்தனம் நடத்துகிற வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறாள். பார்க்கிற கண் யாருடையது என்று தெரிந்ததும் அந்தத் தயிர்க்கறை அழுக்காக இல்லாமல் பெருமையாக மாறிவிடுகிறது. சாசரில் பார்க்கிற கண் யாருடையது? அதை ஆங்கிலக்காரர்கள் சொல்லட்டும்.

---

நாலாவது_வரிசை | காலை 9.30

ஹாய் செம்பருத்தி. நான் அண்ணா நகர், சென்னைப் பெண்தான். வெளிமாநிலத்தில் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கல்லூரியில் இலக்கியம் மூன்றாம் ஆண்டு. இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறேன்.

அங்கே எப்படி என்று சொல்கிறேன், உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் இருபது பேருக்குள். வாரம் இத்தனை பக்கம் என்று வாசிப்பு. வகுப்புக்கு வரும்போது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும். அந்த ஒரு பக்கத்தில் பதில் இருக்கக் கூடாது, ஒரு கேள்வி இருக்க வேண்டும். முதல் வாரம், “இந்தக் கவிதை இயற்கையின் அழகைக் காட்டுகிறது” என்று எழுதிக்கொண்டு போனேன். பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: “எந்தச் சொல்?” என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷம் முழுக்க அவர் எதற்கெடுத்தாலும் எல்லோரிடமும் கேட்டது அதைத்தான். கேன்டீனில் தோசை நன்றாயிருக்கிறது என்றால்கூட நாங்கள் ஒருவரையொருவர் “எந்தச் சொல்?” என்று கிண்டலடிப்போம்.

இலக்கியத்தோடு பொருளாதாரமோ கணினியோ சேர்த்துப் படிக்கலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் கட்டணம் பயங்கரம். எனக்கு உதவித்தொகை கிடைத்திராவிட்டால் வீட்டில் முடிந்திருக்காது. அந்தக் கட்டணத்துக்கு என்ன தருகிறார்கள் என்று யோசித்தால், முக்கால்வாசி அந்த ஒரு கேள்விதான். அதை இங்கே இலவசமாகப் போட்டுவிட்டேன்.

இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பள்ளியில் மார்க்குக்காக இரண்டாம் மொழி பிரெஞ்சு எடுத்தவள் நான். குமரன் சார் சொன்ன பாட்டைத் தேடி எடுத்தேன். என் தாய்மொழி, ஆறு அடி, ஒரு மணி நேரம். தெரியாத சொற்களை எண்ணும் தைரியம்கூட வரவில்லை.

---

பழைய_மாம்பலம் | காலை 10.05

அடடா. அந்தக் கன்னிமடத் தலைவியின் பிரெஞ்சைப் பற்றிச் சாசர் என்ன சொல்கிறார் என்று பார்த்தாயா குழந்தை? நன்றாகவும் நளினமாகவும் பிரெஞ்சு பேசுவாள், ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளிக்கூடத்து பிரெஞ்சு, ஏனென்றால் பாரிஸ் பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது. லண்டனுக்குப் பக்கத்து ஊர் அது. நம் ஊர்க் கணக்கில், ஆவடியை விட்டு வெளியே போகாமல் பாரிஸ் மொழி பேசுவது மாதிரி.

செம்பருத்தி, நீங்களும் கவனியுங்கள். ‘போலி’ என்று அவர் சொல்லவே இல்லை. புகழ்ந்துகொண்டே போகிறார், நடுவில் ஒரு சின்னத் தகவலை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பார்க்கிற கண் யாருடையது என்று குமரன் கேட்டாரே, அதற்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. கதை சொல்பவனும் அந்த யாத்திரைக் கூட்டத்தில் ஒருவன். பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தில் மளிகைக்கடைக்காரர், ரிட்டையர்டு தாசில்தார், ஐந்து தடவை கல்யாணம் செய்த அம்மாள் என்று எல்லோரும் வருகிறார்கள், நீங்களும் கூட நடக்கிறீர்கள். நேருக்கு நேர் யாரையும் குறை சொல்ல முடியுமா? “அவர் ரொம்ப நல்லவர், செருப்புகூட வெள்ளியில்தான் போடுவார்” என்றுதானே சொல்வீர்கள்.

(செருப்பு என் கற்பனை. விடையில் எழுதிவிட வேண்டாம்.)

---

கிண்டி_எக்ஸ்பிரஸ் | காலை 11.40

சார், ரசிக்கிறது எல்லாம் சரி. பாட்டுக்கு நன்றாகப் பொருள் சொன்னால் வேலை யார் தருவார்கள்? நான் கேட்டது அதைத்தான். தங்கச்சி வீட்டு நிலைமை அவருடைய எழுத்திலேயே தெரிகிறது. அதனால்தான் சொன்னேன், கேலிக்காக அல்ல.

---

பிழைதிருத்தி | மதியம் 1.15

நியாயமான கேள்வி. சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

நான் பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம், இரண்டும் சென்னையில். பதினோரு வருஷமாகக் காப்பி எடிட்டர். வெளியில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவருகிற ஆய்விதழ்கள், பாடநூல்கள் பலவற்றுக்கு எடிட்டிங், பக்க வடிவமைப்பு, புரூஃப் எல்லாம் சென்னையில்தான் நடக்கிறது. நரம்பியல் கட்டுரை, பாலக் கட்டுமானக் கட்டுரை, எதுவானாலும் என் மேசைக்கு வரும். எனக்கு நரம்பியல் தெரியாது. வாக்கியம் என்ன சொல்கிறது, என்ன சொல்ல வந்தது, இரண்டுக்கும் நடுவில் எங்கே இடைவெளி என்று மட்டும்தான் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் கட்டுரை எழுதியவருக்கு ‘க்வெரி’, அதாவது கேள்வி, வைப்போம். போன வாரம் ஒரு கட்டுரையில் நோயாளிகள் எண்ணிக்கை சுருக்கத்தில் ஒன்று, அட்டவணையில் வேறொன்று. இரண்டு மருத்துவர்கள் சரிபார்த்து அனுப்பியது அது. நான் கண்டுபிடித்ததற்குக் காரணம் மருத்துவ அறிவு கிடையாது, அடி அடியாகப் படிக்கிற பழக்கம்.

இப்போது கசப்பான பகுதி. ஆரம்பச் சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, முதல் மூன்று வருஷம் கஷ்டம். அப்புறம், முதல் சுற்று இலக்கணத் திருத்தத்தை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. வெறும் காற்புள்ளி போடுகிற ஆளுக்கு இனி இடம் குறைவு. எங்கள் டீமிலேயே ஆட்களைக் குறைத்தார்கள். இயந்திரம் திருத்தியதில் அர்த்தம் மாறிவிட்டதா என்று பார்க்கிற ஆள்தான் இன்னும் தேவைப்படுகிறார். கைடு படித்து வந்தவரால் அதைச் செய்ய முடியாது. ஏனென்றால் கைடும் இயந்திரமும் ஒரே மாதிரித்தான் எழுதும், சரளமாக, யாருடையதும் இல்லாத வாக்கியமாக.

மற்றபடி எல்லோருக்கும் தெரிந்த வழிதான். இரண்டு வருஷம் பி.எட்., டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கு மேல் நியமனத் தேர்வு எழுதினால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். எம்.ஏ., பி.எட். இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு. கல்லூரிக்குப் போக நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. டிஎன்பிஎஸ்சிக்கு எந்தப் பட்டமும் போதும், தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கட்டாயம் என்பதால் தமிழ் வழிக்காரருக்கு அங்கே பயமில்லை. பத்திரிகை ஆசை இருந்தால் இதழியல். எதுவும் உடனே கொட்டாது.

சார் கைடைப் பூட்டச் சொல்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் மாறுபாடு உண்டு. பரீட்சைத் தாள் கைடின் மொழியில்தான் கேட்கிறது. ‘நையாண்டி’, ‘பாத்திரப் படைப்பு’ மாதிரிச் சொற்களைத் தெரிந்துகொள்ள அதுவும் வேண்டும். வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் மூலம், உங்கள் பத்து வரி, அப்புறம் கைடு. அப்போதுதான் கைடில் இருக்கிற தப்பும் தெரியும். நிறைய இருக்கும்.

---

செம்பருத்தி | இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. சார் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டுப் பாட்டி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் விரல் நுனியைத் தாண்டாது. எல்லோரும் அவர் சாப்பிடுவதைப் பார்ப்பார்கள், அவருக்கும் தாம் பார்க்கப்படுவது தெரியும். அதே பாட்டி வீட்டில் வேலைக்கு இருந்தவர்களுக்குத் தனி டம்ளர், கொல்லைப்புறத்தில்.

இதை எழுதிவிட்டு மறுபடி மூலத்துக்குப் போனேன். நாய் வருகிற இடம். அந்த அம்மாள் தன் சின்ன நாய்களுக்கு வறுத்த இறைச்சியும் பாலும் உயர்ந்த வெள்ளை ரொட்டியும் போடுகிறாள். பொறியில் எலி மாட்டியிருப்பதைப் பார்த்தாலே அழுவாள். சாசர் அந்தப் பகுதியைத் தொடங்கும்போது ‘அவளுடைய மனச்சாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால்’ என்கிறார். அப்புறம் எலி, அப்புறம் நாய். மனுஷன் யாருமே வரவில்லை. நான் மூன்று தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.

கைடில் ‘அவள் இரக்க குணம் மிக்கவள்’ என்று போட்டிருக்கிறது. இது சரியா, நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா?

மேலே படித்ததில் 38 சொற்கள்தான் தெரியாமல் இருந்தன. மொட்டை மாடியில் படித்தேன். கீழ்த்தளத்து அக்கா, ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று வார்டனிடம் சொல்லிவிட்டார்.

---

பழைய_மாம்பலம் | இரவு 9.35

அதிகமாக யோசிக்கவில்லை அம்மா. முப்பது வருஷத்தில் இந்தப் பத்தியை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன், ‘மனுஷன் யாருமே வரவில்லை’ என்று என்னிடம் சொன்ன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம்.

அந்த வெள்ளை ரொட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் துணைப்பாடமாக இங்கிலாந்தின் சமூக வரலாறு இருக்குமே, அதைத் தனியாக மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள். அதில் 1348இல் வந்த கொள்ளைநோய் இருக்கும். இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மக்கள் செத்தார்கள். 1381இல் உழவர் கிளர்ச்சி இருக்கும். சாசர் இரண்டையும் கண்ணால் பார்த்த தலைமுறை. ஏழை கம்பும் பார்லியும் கலந்த கறுப்பு ரொட்டி தின்ற ஊரில், வறுமை நோன்பு எடுத்த ஒரு துறவி நாய்க்கு வெள்ளை ரொட்டி போடுகிறாள். துணைப்பாட நோட்டையும் இந்த 45 அடியையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒரே பாடம்தான். பாடத்திட்டம் போட்டவர்களுக்கு அது தெரியும், கால அட்டவணை போட்டவர்களுக்குத்தான் தெரியாது.

---

கொருக்குப்பேட்டை_குமரன் | இரவு 10.00

ஐயா, கம்பு இங்கிலாந்தில் விளையாதே!

---

பழைய_மாம்பலம் | இரவு 10.04

ரை என்று சொல்ல வந்தேன். தமிழில் அதற்குக் கையில் சொல் கிடைக்காமல் கம்பில் கை வைத்துவிட்டேன். திருத்தத்துக்கு நன்றி குமரன். செம்பருத்தி, பார்த்துக்கொள்ளுங்கள், தமிழில் யோசித்து எழுதுவது தப்பா என்று கேட்டீர்களே, இதுதான் அதில் இருக்கிற ஆபத்து.

---

கொருக்குப்பேட்டை_குமரன் | இரவு 10.20

ஆபத்து மட்டும் இல்லை ஐயா. அடுத்த பருவம் ஒலியியல் தாள் வரும்போது இந்தத் தங்கச்சி தமிழால் தப்பிக்கும். பல்லில் நாக்கு எங்கே படுகிறது, அண்ணத்தில் எங்கே படுகிறது, எந்த எழுத்து எப்படிப் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்று தனி இயலாகவே வைத்திருக்கிறது. நன்னூல் எழுத்தியலிலும் உண்டு. நான் எம்.ஏ. படிக்கும்போது ஆங்கில இலக்கிய நண்பன் ஆங்கிலத்தின் 44 ஒலிகளையும் படம் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ‘ழ’ சொல்லி நாக்கை எங்கே நிறுத்துகிறாய் என்று கேட்டேன். அப்புறம் அவனுக்குப் படமே தேவைப்படவில்லை.

யாப்பும் அப்படித்தான். வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரோடு நின்றுவிடுகிற இடத்தில் மனசு ஒரு நொடி நிற்கும் பாருங்கள், அந்தக் காது இருந்தால் சானெட் என்கிற 14 அடி ஆங்கிலப் பாட்டில் பேச்சு எங்கே திரும்புகிறது என்பது தானே பிடிபடும்.

---

பழைய_மாம்பலம் | இரவு 10.45

காது சரி, கணக்கு வேறு. நாம் குறில் நெடில் பார்த்து அசை பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதுதான் கணக்கு. நேர், நிரை என்று அங்கே போய்ப் பிரிக்காதீர்கள் அம்மா, நூற்றுக்கு நூறு தப்பாகும். சாசரின் அடியை மேசையில் தட்டிக்கொண்டே படியுங்கள், ஐந்து தட்டு விழும். ஆரம்பத்தில் தமிழில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஏதோ ஒரு இடத்தில் கையை விட வேண்டியிருக்கும். அது எந்த இடம் என்று யாரும் சொல்லித்தர முடியாது.

---

நாலாவது_வரிசை | இரவு 11.10

எனக்குத் தமிழில் பிடித்துக்கொள்ளவே கை இல்லை சார். அதற்கும் ஏதாவது சொல்லுங்கள். ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்த புத்தகத்தைத்தான் எங்கள் வகுப்பில் வைத்தார்கள். அதைப் படித்து ரசித்து நான்கு பக்கக் கட்டுரை எழுதினேன், நல்ல கிரேடு வந்தது. எழுதி முடித்த பிறகுதான், இதன் மூலம் என் பாட்டி பேசுகிற மொழியில் இருக்கிறதே என்று உறைத்தது.

செம்பருத்தி, ஒரு பண்டமாற்று. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், நம் புத்தகத்தை நாமே கொண்டுபோய்ப் படிக்கிற பகுதி கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். நீங்கள் எனக்குக் குறுந்தொகை படிக்கச் சொல்லித்தாருங்கள், நான் உங்களோடு உட்கார்ந்து சாசர் படிக்கிறேன். கீழ்த்தளத்து அக்கா புகார் சொல்ல மாட்டார்.

---

பிழைதிருத்தி | இரவு 11.30

அங்கே சத்தமாகப் படித்தால் கீழ்த்தளத்து அக்கா தேவையில்லை, காவலாளியே வருவார். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நிரம்பி வழிகிற இடம். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து படியுங்கள். பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

பழைய பதிப்பு ஏதாவது வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896இல் திறந்தது. வெளியாகிற நூலில் ஒரு படி அங்கே வந்து சேர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சொந்தமாக வாங்க, திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகக் கடைகள். அங்கே நான் வாங்கிய சாசரில் யாரோ ஒருவர் பென்சிலால் ஓரம் முழுக்கத் தமிழில் குறிப்பு எழுதியிருந்தார். என் படிப்பில் பாதி அந்த முகம் தெரியாத ஆளால்தான் ஓடியது. முதல் பக்கத்தில் பெயர் எதுவும் இல்லை, ‘1971, பஸ் பாஸ் தொலைந்தது’ என்று மட்டும் இருந்தது.

---

கிண்டி_எக்ஸ்பிரஸ் | இரவு 11.48

சரி, எனக்கும் ஒரு சந்தேகம். அந்த ஐந்து கல்யாணம் செய்த அம்மாள் யார்? அது எந்தப் பக்கம்?

---

பழைய_மாம்பலம் | காலை 6.05

வாருங்கள் வாருங்கள். பாத் நகரத்துக்காரி. சிவப்புக் காலுறை, பல்லிடுக்கு, காது கொஞ்சம் மந்தம். கன்னிமடத் தலைவியைத் தாண்டி முந்நூறு அடி நடக்க வேண்டும். ஜெராக்ஸில் தேடாதீர்கள்.

---

செம்பருத்தி | எட்டு நாள் கழித்து, மாலை 6.30

சொல்லவேண்டிய விஷயம் இரண்டு.

இன்டர்னல் தேர்வில் கன்னிமடத் தலைவி வந்தாள். நான் ரொட்டியை எழுதினேன், 1381ஐ எழுதினேன், ‘மனச்சாட்சி என்ற சொல்லுக்குப் பிறகு எலியும் நாயும்தான் வருகின்றன’ என்று எழுதினேன். என் ஆங்கிலத்தில் மூன்று இடத்தில் சிவப்பு வட்டம், ஒரு இடத்தில் காலமே தப்பு. 25க்கு 16. கைடை எழுதிய என் பெஞ்ச் தோழிக்கு 19. கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ரொட்டிக்குப் பக்கத்தில் ஓரத்தில் மேடம் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ‘வகுப்பில் சொல்’ என்று எழுதியிருந்தார். வியாழக்கிழமை சொன்னேன். தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் வந்தது. “எந்த ரொட்டி, எந்த அடி?” என்று கேட்டார். அடியைப் படித்துக் காட்டினேன். என் மொட்டை மாடி உச்சரிப்பைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். மேடம் அவர்களைப் பார்த்து, “அவ படிக்கிறதுதான் சரி” என்றார்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து 167ஐ நாலாவது வரிசை அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். ‘கழாஅது உடீஇ’ என்பதை ‘துவைக்காமல் உடுத்தி’ என்று சொன்னதும், “அப்போ அது சோம்பேறித்தனமா?” என்று கேட்டார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். குமரன் சார், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன். கைடைத் திறக்கவில்லை. எங்கிருந்து தொடங்கட்டும் சார்?

---

கொருக்குப்பேட்டை_குமரன் | மாலை 7.15

சோம்பலா! அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, தாளித்தாக வேண்டும், அவன் சாப்பிட வந்துவிட்டான். புடவை மாற்றப் போனால் குழம்பு தீய்ந்துவிடும். அவசரம் தங்கச்சி, அது அவசரம். இல்லாவிட்டால் ‘குய்ப்புகை’, அந்தத் தாளிப்புப் புகை, எதற்கு அங்கே?

---

பழைய_மாம்பலம் | இரவு 8.00

அவனுடைய பையைத் திறந்து பாருங்கள் அம்மா. ஒரு தலையணை உறை இருக்கும், அதை மாதாவின் முக்காடு என்பான். ஒரு கண்ணாடிக் குப்பியில் பன்றி எலும்பு இருக்கும். வேறென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அவன் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.